மின்னஞ்சல் முகவரி யார் பெயரில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மத்திய அரசு ஊழியர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஜோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டது என்ற செய்தி 2025 அக்டோபரில் வெளிவந்தபோது, அது உள்நாட்டு நிறுவனம் என்பதைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். அந்தச் செய்திக்குள் இருந்த இன்னொரு விவரம் பலர் கண்ணில் படவில்லை. சேவை மாறியது, முகவரி மாறவில்லை. "நிக் டாட் இன்" என்றும் "கவ் டாட் இன்" என்றும் முடிந்த முகவரிகள் இன்றும் அப்படியே முடிகின்றன. அந்த முகவரிக்கு எழுதுகிறவருக்குத் தம் கடிதம் வேறொரு நிறுவனத்தின் சர்வரில் (கடிதங்களைப் பெற்று வைக்கும் கணினியில்) போய் இறங்குகிறது என்பது தெரிய வேண்டிய அவசியமே இல்லை. முகவரியின் பின்பாதி அரசின் சொந்தப் பெயராக இருப்பதால்தான் இது இயன்றது. இந்த வசதியை ஆண்டுக்கு ஒரு சிறு தொகை செலவிடக்கூடிய எந்தத் தனிமனிதரும் பெற முடியும் என்பதையும், அதைப் பெறும் வழியில் நான் பட்ட அடியையும் உங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் நான் ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறேன். விசிட்டிங் கார்டு, லெட்டர்பேட், பில் புத்தகம் ஆகியவையே என் அன்றாட வேலை. எனவே ஊரில் யாருடைய மின்னஞ்சல் முகவரி எப்போது மாறியது என்பது எனக்குத் தெரிந்துவிடும். என் சொந்த முகவரியே இரண்டு முறை பறிபோயிருக்கிறது. முதல் முகவரி 2002-இல் எங்கள் பகுதியில் இணைய இணைப்புக் கொடுத்துவந்த ஒரு சிறு நிறுவனம் இணைப்போடு சேர்த்துக் கொடுத்தது. ஐந்து ஆண்டுகளில் அந்த நிறுவனம் தொழிலை நிறுத்தியது, அத்துடன் முகவரியும் போயிற்று. அச்சிட்டு வைத்திருந்த கார்டுகளிலும் பில் புத்தகங்களிலும் பழைய முகவரியின் மேல் சிறு ஸ்டிக்கர் வெட்டி, நானும் என் மனைவியும் இரவு நேரங்களில் உட்கார்ந்து ஒட்டினோம்.

இரண்டாவது இழப்பு அதைவிடப் பெரியது. 2010-இல் அச்சகத்துக்கு ஓர் இணையதளம் அமைத்துக் கொடுத்த இளைஞர், எங்கள் அச்சகத்தின் பெயரிலேயே ஒரு டொமைனையும், அதாவது முகவரியில் "@" குறிக்குப் பின்னால் வரும் பெயரையும், வாங்கிக் கொடுத்தார். இனி இந்த முகவரி நம்முடையது என்று மகிழ்ந்திருந்தேன். அவர் அதைத் தம் பெயரில், தம் கைப்பேசி எண்ணில், தம் மின்னஞ்சலில் பதிவு செய்திருந்தார் என்பது 2014-இல்தான் எனக்குத் தெரிந்தது. கெட்ட எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை, அன்று அது அவருக்கு எளிதாக இருந்தது, அவ்வளவுதான். வேலை கிடைத்து அவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார், எண் மாறிவிட்டது, புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்களெல்லாம் யாரும் திறக்காத அவருடைய பழைய இன்பாக்ஸில் விழுந்தன. சிவகாசியிலிருந்து பேப்பர் ஸ்டோர்க்காரர் தொலைபேசியில், "அண்ணாச்சி, மெயில் போட்டா திரும்பித் திரும்பி வருதே" என்று சொன்ன பிறகுதான் எனக்கு விஷயமே தெரியவந்தது. டொமைன் விற்ற நிறுவனத்தைக் கேட்டேன். பதிவில் உள்ளவர் மட்டுமே புதுப்பிக்க முடியும் என்றார்கள், அவர்கள் விதிப்படி அது சரியான பதில். மீட்பதற்கான காலக்கெடுவும் அதற்குள் முடிந்துபோயிருந்தது. அடுத்த மாதம் அந்தப் பெயரை யாரோ வாங்கி, அதில் ஏதோ ஓர் அந்நிய மொழி விளம்பரப் பக்கத்தை ஏற்றியிருந்தார்கள்.

இதில் உள்ள ஆபத்தைப் பலர் உணர்வதில்லை. கைவிட்டுப் போன டொமைனை வாங்கியவர், அந்தப் பெயரில் மின்னஞ்சல் பெட்டி ஒன்றைத் திறந்தால், நமக்கு வர வேண்டிய கடிதங்கள் அவருக்குப் போகும். அந்த முகவரியைக் கொடுத்து நாம் திறந்த ஏதோ ஓர் இணையக் கணக்கில் "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று அவர் சொடுக்கினால், புதிய கடவுச்சொல்லுக்கான இணைப்பும் அவருக்கே போகும். அந்த முகவரியைக் கொடுத்திருந்த வங்கி, வணிகவரி அலுவலகம், மின்வாரியம், காப்பீடு என்று ஒவ்வோர் இடமாகப் போய் எழுதிக் கொடுத்து மாற்றிவிட்டு வர எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

ஆகவே மின்னஞ்சல் சேவை எது நல்லது என்று கேட்பதற்கு முன்னால், டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டாக வேண்டும். பதிவு செய்தவர் பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல் மூன்றும் நம்முடையவையாக இருக்க வேண்டும். விற்பனையாளரின் தளத்தில் உள்ள கணக்கின் கடவுச்சொல் நம் கையில் இருக்க வேண்டும். அந்தக் கணக்குக்குத் தொடர்பு முகவரியாக அதே டொமைனில் உள்ள மின்னஞ்சலைக் கொடுக்கவே கூடாது, ஏனெனில் டொமைன் காலாவதியாகும் நாளில் அந்த முகவரியும் செயலிழந்துவிடும், எச்சரிக்கைக் கடிதம் வந்து சேர வழியே இருக்காது. இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் ஓர் இலவச மின்னஞ்சலை வைத்துக்கொள்வதுதான் சரி. பணம் இருந்தால் பத்து ஆண்டுகளுக்குச் சேர்த்தே கட்டிவிடலாம், டாட் காம், டாட் இன் இரண்டுக்கும் அதுவே உச்சவரம்பு.

டொமைன் விற்பவர்களே "மின்னஞ்சலும் சேர்த்துத் தருகிறோம்" என்பார்கள். இரண்டையும் ஒரே இடத்தில் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள, இந்த அமைப்பு இயங்கும் விதத்தைச் சிறிது அறிந்திருந்தால் போதும். 1971-இல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குச் செய்தி அனுப்ப முயன்றபோது, ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட "@" குறியைத் தேர்ந்தெடுத்தார். இன்றும் அந்தக் குறிக்கு இடப்புறம் ஆள், வலப்புறம் இடம். வலப்புறம் உள்ள பெயருக்கு வரும் கடிதத்தை எந்தச் சர்வரில் சேர்க்க வேண்டும் என்பதை, அந்த டொமைனின் பதிவுகளில் உள்ள எம்.எக்ஸ். என்ற வரி சொல்கிறது. சேவையை மாற்றுவது என்றால் அந்த வரியை மாற்றி எழுதுவதுதான். பெரும்பாலும் சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஓரிரு நாளில், புதிய கடிதங்கள் புதிய இடத்துக்கு வரத் தொடங்கிவிடும். வீடு மாறினால் அஞ்சலகத்தில் முகவரி மாற்றம் எழுதிக் கொடுப்பது போன்றதுதான் இது, ஒரே வேறுபாடு, எழுதுகிறவர்களிடம் புதிய முகவரியைச் சொல்லவே வேண்டியதில்லை.

இப்படி எளிதாக மாற முடியும் என்பதால், சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, இதைவிட்டு வெளியேறும்போது என் கடிதங்களை முழுவதுமாக எடுத்துக்கொண்டு போக முடியுமா என்பதே. இலவசமா, எவ்வளவு இடம் தருகிறார்கள் என்பவை அதற்குப் பிறகு வருகின்றன. ஐமேப் என்ற பொதுமுறையை ஏற்கும் சேவையாக இருந்தால், எந்த மென்பொருளை வைத்தும் கடிதங்களைப் படிக்கலாம், பிரதி எடுக்கலாம், அடுத்த சேவையில் கொண்டுபோய் ஏற்றலாம். ஜோஹோவின் இலவசத் திட்டத்தில் சொந்த டொமைனில் ஐந்து பேர் வரை, ஒருவருக்கு 5 ஜி.பி. என்ற அளவில் முகவரி வைத்துக்கொள்ளலாம், ஒரு குடும்பத்துக்கு அது தாராளம். ஆனால் அந்தத் திட்டத்தில் ஐமேப் கிடையாது, அவர்களுடைய இணையப் பக்கத்திலும் செயலியிலும்தான் படிக்க முடியும். ஐமேப் வேண்டுமானால் கட்டணத் திட்டத்துக்குப் போக வேண்டும். நான் அந்தக் கட்டணத்தைக் கட்டுகிறேன், தெரிந்தவர்களுக்கும் அதையே சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் ஃபாஸ்ட்மெயில் 1999 முதல் இந்த ஒரே தொழிலைச் செய்துவரும் நிறுவனம், பொதுமுறைகளை வளர்ப்பதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயில் கடிதங்களைப் பூட்டி வைக்கிறது, நிறுவனமே நினைத்தாலும் பெட்டிக்குள் இருக்கும் கடிதங்களின் உள்ளடக்கத்தைப் படிக்க முடியாதபடி அமைத்திருக்கிறார்கள். அந்தப் பூட்டின் காரணமாகவே கணினியில் வேறு மென்பொருளில் படிக்க அவர்களுடைய "பிரிட்ஜ்" என்ற இணைப்புச் செயலி தேவைப்படுகிறது, அதுவும் பணம் கட்டியவர்களுக்கு மட்டும்தான். வழக்கறிஞர், பத்திரிகையாளர் போன்றவர்களுக்கு அது பொருந்தும்.

இலவசம் என்பது நிலையானதல்ல என்பதற்கு கூகுளின் வரலாறே சான்று. சொந்த டொமைனுக்கு ஜிமெயில் வசதி தரும் திட்டத்தை 2006-இல் இலவசமாகத் தொடங்கினார்கள். 2012 டிசம்பரில் புதியவர்களுக்கு இலவசக் கதவை மூடினார்கள். 2022 ஜனவரியில் பழையவர்களும் கட்டணத்துக்கு மாற வேண்டும் என்று அறிவித்தார்கள், எதிர்ப்பு எழுந்த பிறகு தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் தொடரலாம் என்று இறங்கிவந்தார்கள். அந்த நான்கு மாதங்களில் பதறியவர்கள் பலர். சொந்த டொமைன் இருந்ததால் அவர்களுக்கு வேறு இடத்துக்குப் போகும் வழியாவது இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சொந்தமாகவே சர்வர் வைத்து நடத்திவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் போன்ற இலவச மென்பொருள்கள் உலகத்தின் பெருவாரியான மின்னஞ்சல் சர்வர்களை இயக்குகின்றன, அவற்றின் தரத்தில் எந்தக் குறையும் இல்லை. சிக்கல் வெளியே இருக்கிறது. வீட்டு இணைப்புகளுக்கு அடையாளமாகக் கிடைக்கும் ஐ.பி. எண்களிலிருந்து வரும் கடிதங்களைப் பெரிய நிறுவனங்களின் சர்வர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. வாடகைக்கு எடுக்கும் சர்வர்களிலோ, கடிதம் அனுப்பத் தேவையான 25-ஆம் வாயிலை (போர்ட்)ப் பல நிறுவனங்கள் முதலிலேயே அடைத்து வைத்திருக்கின்றன. என் அக்கா மகன் கணினிப் பொறியாளர், ஆர்வத்தோடு இதை ஒன்பது மாதம் நடத்திப் பார்த்தான். கடிதங்கள் வந்து சேர்ந்தன, ஆனால் அவன் அனுப்பியவை பெரும்பாலும் எதிராளியின் ஸ்பேம் பெட்டியிலேயே, அதாவது வேண்டாத கடிதங்களை ஒதுக்கும் பெட்டியிலேயே, கிடந்தன. கற்றுக்கொள்ள நல்ல வழி, பிழைப்புக்கு ஏற்ற வழியல்ல.

ஸ்பேம் பற்றிப் பேச்சு வந்ததால், எங்கள் ஊரில் கடலை மிட்டாய் தயாரிக்கும் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். 2020-இல் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபின், வெளியூரிலிருந்து விசாரணைகள் வரத் தொடங்கின. அவரும் சொந்த டொமைன் வாங்கி, அந்த முகவரியோடு என்னிடம் புதிய கார்டு அச்சிட்டுக்கொண்டு போனார். விலைப்பட்டியல் அனுப்பினால் ஒருவரிடமிருந்தும் பதில் இல்லை. ஒரு நாள் மாலை என் கணினியிலேயே உட்கார்ந்து அவருடைய டொமைன் பதிவுகளைத் திறந்து பார்த்தோம். இந்த டொமைனின் பெயரால் கடிதம் அனுப்ப எந்தெந்தச் சர்வர்களுக்கு உரிமை உண்டு என்று அறிவிக்கும் எஸ்.பி.எஃப். வரி, ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. டொமைன் விற்றவர்கள் முன்பே ஒன்றை எழுதி வைத்திருந்தார்கள், புதிய சேவைக்காக இவர் இன்னொன்றைச் சேர்த்திருந்தார். ஒரு டொமைனுக்கு அந்த வரி ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. பழையதை அழித்தோம். கடிதத்தில் டிஜிட்டல் கையொப்பம் இடும் டி.கே.ஐ.எம். என்ற வசதியையும் சேவையின் பக்கத்தில் போய் இயக்கினோம். இந்த இரண்டும் தவறினால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் டிமார்க் வரியையும் சேர்த்தோம். மறுநாள் அவர் என் ஜிமெயிலுக்கு அனுப்பிய கடிதம் நேரே இன்பாக்ஸில் வந்து உட்கார்ந்தது. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இந்த விதிகளைக் கடுமையாக்கியிருக்கின்றன. நாளொன்றுக்கு ஐயாயிரம் கடிதங்களுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம், மற்றவர்களுக்கு முதல் இரண்டில் ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும். தனிமனிதரும் மூன்றையும் எழுதி வைத்துவிடுவதே நல்லது, அரை மணி நேர வேலைதான்.

அடுத்தது மென்பொருள். இணைய உலாவியில் திறந்து படித்தால் போதாதா, தனியாக ஒரு மென்பொருள் எதற்கு என்று கேட்பார்கள். என் பதில் ஒரு கவிஞரைப் பற்றியது. அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 2004-இல் தம் கவிதைகளைத் தட்டச்சு செய்து, பகுதி பகுதியாக எனக்கு மின்னஞ்சலில் அனுப்பி, முந்நூறு பிரதிகள் அச்சிட்டுக்கொண்டார். பின்னர் அவர் காலமாகிவிட்டார். பல ஆண்டுகள் கழித்து அவருடைய மகன் வந்து, மறுபதிப்புப் போட வேண்டும், வீட்டில் ஒரு பிரதிகூட முழுதாக இல்லை, கரையான் அரித்துவிட்டது என்றார். அந்தக் கவிதைகள் வந்து சேர்ந்த என் மின்னஞ்சல் முகவரி போய் வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனால் அக்காலத்து வழக்கப்படி கடிதங்களைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் மென்பொருளில் படித்துவந்ததால், அவை என் பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்தன, அங்கிருந்து தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்கும் மாற்றி வைத்திருந்தேன். யூனிகோடு என்ற இன்றைய பொதுவான எழுத்துக் குறிமுறை பரவாத காலம் என்பதால் எழுத்துகள் எல்லாம் டிஸ்கி என்ற பழைய குறிமுறையில் இருந்தன, திரையில் பார்த்தால் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தன. கடிதங்கள் கோப்பாகக் கையில் இருந்ததால் குறிமாற்றியில் போட்டு எடுத்தேன், ஒரு வரி விடாமல் கவிதைகள் திரும்பி வந்தன. திரையில் முதல் பக்கம் தமிழாகத் தெரிந்தபோது அந்த மகன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். அதே சமயம், 2010 முதல் 2014 வரை நான் உலாவியில் மட்டுமே படித்துவந்த கடிதங்களில் ஒன்றுகூட இன்று என்னிடம் இல்லை.

அதனால்தான் தண்டர்பேர்டைப் பரிந்துரைக்கிறேன். 2004 டிசம்பரில் முதல் பதிப்பு வெளிவந்த மொசில்லாவின் இந்த மென்பொருள் இலவசமானது, மூலநிரல் திறந்தது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குவது. 2024 முதல் ஆண்ட்ராய்டிலும் கிடைக்கிறது, கே-9 மெயில் என்று பலர் பயன்படுத்திவந்த செயலியே இதற்கு அடிப்படை. கணக்கைச் சேர்க்கும்போது ஐமேப் என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். பாப் என்ற பழைய முறையில், பிரதியைச் சர்வரில் விட்டுவைக்கும்படி சொல்லாவிட்டால், கடிதங்கள் கணினிக்கு இறங்கியதும் அங்கிருந்து அழிந்துவிடும், கைப்பேசியில் தேடினால் கிடைக்காது. ஐமேப் வைத்தாலும் ஒரு கவனம் தேவை. சர்வரில் அழிந்தது நம் கணினியிலும் அழியும் என்பதால், ஆண்டு முடிந்ததும் அந்த ஆண்டின் கடிதங்களைத் தண்டர்பேர்டில் நம் கணினியில் மட்டுமே இருக்கும் "உள்ளகக் கோப்புறை"க்கு நகலெடுத்து, அதை ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கிலும் போட்டு வைக்கிறேன். ஜனவரி முதல் வாரத்தில், புது டெய்லி காலண்டர் மாட்டும் நாளில் இதைச் செய்வது என்று வைத்திருக்கிறேன்.

தமிழிலேயே முகவரி வைத்துக்கொள்ளலாமே என்ற ஆசை எனக்கும் உண்டு. "டாட் இந்தியா", "டாட் இலங்கை", "டாட் சிங்கப்பூர்" என்று தமிழ் எழுத்திலேயே முடியும் டொமைன்கள் மூன்று நாடுகளுக்கும் இருக்கின்றன. "@" குறிக்கு இருபுறமும் தமிழ் எழுத்து இருக்கும் மின்னஞ்சலுக்கான பொது நெறிமுறை 2012-இலேயே வந்துவிட்டது, ஜிமெயில் 2014 முதல் அத்தகைய முகவரிகளுக்குக் கடிதம் அனுப்பவும் அவற்றிடமிருந்து பெறவும் செய்கிறது. ஆனால் இணையத்தில் நாம் நிரப்பும் பல விண்ணப்பப் படிவங்கள் தமிழ் முகவரியைப் பிழை என்று சிவப்புக் கட்டம் காட்டித் திருப்பிவிடுகின்றன. ஆகவே இன்றைக்கு ரோமன் எழுத்து முகவரியையே முதன்மையாக வைத்துக்கொள்ளுமாறு சொல்ல வேண்டியிருப்பதில் எனக்கு வருத்தம்தான். அரசின் படிவங்களாவது இதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இப்போது என் டொமைன் என் பெயரில் இருக்கிறது. புதுப்பிக்கும் தேதி, விற்பனையாளர் கணக்கின் விவரம், மின்னஞ்சல் சேவையின் விவரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, நிலப் பத்திரங்கள் இருக்கும் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன், என் மனைவிக்கும் மகளுக்கும் அது தெரியும். கார்டு அச்சிட வருபவர் சொந்த டொமைனில் முகவரி கொடுத்தால், புரூஃப் காட்டும்போதே அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கேட்கிறேன். தெரியாது என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதிலாக இருக்கிறது. டாட் இன், டாட் இந்தியா பெயர்களை நிர்வகிக்கும் நிக்சி அமைப்பு, டொமைன் விற்கப்படும் அன்றே அது யார் பெயரில் பதிவானது என்பதையும், காலாவதிக்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்க வேண்டிய தேதியையும் உரியவரின் கைப்பேசிக்கு அவரவர் மொழியில் குறுஞ்செய்தியாக அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். மாவட்டத் தொழில் மையங்கள் புதிய தொழில்முனைவோருக்கு நடத்தும் பயிற்சியிலும் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓர் அச்சக உரிமையாளர்,
கோவில்பட்டி.